படமில்லாத வெள்ளிப் பாம்பு

‘ஏற்றுமதி ஏந்தல், கைத்தறிக் கர்ணன், பினாங்கு புகழ் வ.மா. திரவியம் அவர்கள் அன்னை கோமதிக்கு வெள்ளி நாகம் சாத்தும் வைபவம்! சரக்குக் கிட்டங்கியில் படமெடுத்து நின்ற நல்ல பாம்பு நம் ஏந்தலைத் தீண்டாது விலகிய அற்புதம்! அனைவரும் வருக! அவசியம் வருக!’

சங்கரன்கோவில் தேரடியில் கட்டியிருந்த தட்டியைப் படித்துவிட்டு பரமசிவன் பல்லைக் கடித்தான். கொல்லம் மெயிலில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வந்தவனுக்கு, இறங்கினதும் கண்ணில் படுவதற்கு ஊரில் வேறு எதுவுமே இல்லையா?

“கர்ணனாம்,” என்றான். “கவசம் குண்டலம் எல்லாம் அறுத்துக் கொடுத்துட்டானாமா?”

“கொடுக்கலியே அண்ணாச்சி. அடுத்தவன் கையில வெலங்கைல்லா மாட்டிவிட்டிருக்காரு,” என்றான் மூக்காண்டி. பரமசிவனின் உதவியாளன்; புளியங்குடிக்காரன். வாயைத் திறந்தால் எலுமிச்சம்பழம் பிழிந்ததுபோல்தான் இருக்கும். “அது போகட்டும். இந்த ஊர்ல பாம்பையோ தேளையோ கண்டு பயந்தவுக ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டு, நகத்தளவு வெள்ளித் தகடு வாங்கி உண்டியல்ல போடுவாவ. பாம்பைக் கண்டா பாம்பு, தேளைக் கண்டா தேளு. பக்கத்துல நிக்கவனுக்கே தெரியாது. இவருக்கு மட்டும் மைக்செட்டு, நாயனம், மூணடிப் பாம்பு! ஆத்தாளுக்குக் காது கேக்காதுன்னு யாரோ சொல்லியிருக்காவ போல.”

விலங்கு மாட்டியிருந்த கை செல்லச்சாமியுடையது. இதே ஊர்க்காரன். சென்னைத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டிக்ளரேஷன் குமாஸ்தா. திரவியம் கம்பெனியிலிருந்து பினாங்குக்குப் போகும் பெட்டிகளில் ‘கைத்தறி லுங்கிகள், வேறொன்றுமில்லை’ என்று கஸ்டம்ஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன். கிரேன் சங்கிலி அறுந்து ஒரு பெட்டி தரையில் விழுந்து பிளந்தது. மேலே லுங்கி. அடியில் சந்தனக்கட்டை. துறைமுகமே கல்யாண வீடு மாதிரி மணத்தது. பத்து நிமிஷத்தில் செல்லச்சாமியின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்கள்.

திரவியம் தந்தி அடித்தார்: என் ஊரிலிருந்து வெறும் லுங்கிதான் வந்தது, கட்டையை வைத்தவன் சென்னையில் இருக்கும் அந்தக் குமாஸ்தாவே. ஏந்தல் தந்தி அடித்தால் அது வாக்குமூலம். குமாஸ்தா கதறினால் அது நடிப்பு.

பரமசிவனுக்கு இதில் வயிறு எரிந்ததற்குக் காரணம் உண்டு. துப்பறிய வருவதற்கு முன்னால் அவனும் அதே வேலையில் இருந்தவன்தான். உலகத்திலேயே விசித்திரமான உத்தியோகம் அது. பெட்டியைத் திறந்து பார்க்கிற உரிமை கிடையாது. ஆனால் உள்ளே இருப்பது இன்னதுதான் என்று சத்தியம் செய்கிற கடமை மட்டும் உண்டு. கட்டினவன் ஊரில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருப்பான். கையெழுத்துப் போட்டவன் லாக்கப்பில் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆணியடித்த பெட்டிக்குள் இருப்பதைக் குமாஸ்தா ஞானக்கண்ணால் பார்த்திருக்க வேண்டுமாம். ஞானக்கண் இருக்கிறவன் அந்தச் சம்பளத்துக்கா வருவான்?

அவனை வரவழைத்திருந்த செல்லச்சாமியின் மனைவி ஆறுமுகத்தாய் தேர்முட்டியருகே காத்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். இப்போது அதில் மிச்சமிருந்தது கோபம் மட்டும்.

“திங்கக்கெழம, கடத்தல்காரவுகளப் பிடிச்சுப் போடுத காபிபோசா ஆர்டர்ல கையெழுத்து ஆயிருமாம். வக்கீல் சொன்னாரு. வெசாரணை கெடையாது, ஜாமீன் கெடையாது, ஒரு வருசம் உள்ளன்னு.”

“பேர்லதான் மதினி காபி இருக்கு. உள்ள போனா களிதான்,” என்றான் மூக்காண்டி. அவள் பார்த்த பார்வையில் மீதிச் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

“பெட்டி கட்டினவங்க யார்?” என்று கேட்டான் பரமசிவன்.

“தங்கத்தாயி, இன்னும் நாலு பொம்பளையாளுக. எல்லாம் நம்ம தெருதான். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போயி நின்னுட்டேன். ‘என்னத்தப் பாத்தீய, சொல்லுங்க’ன்னேன். ‘நாங்க ஒண்ணும் பாக்கல தாயி’ன்னு கதவச் சாத்திட்டாவ. மொதலாளிக்குப் பயம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “அந்தாளு பாம்பு சாத்துதாரு. ஊரே கூடிச் சிரிக்குது. பாம்புக்குப் படமே இல்லையாம்.”

பரமசிவன் தட்டியைத் திரும்பிப் பார்த்தான். ‘படமெடுத்து நின்ற நல்ல பாம்பு’.

“படமே இல்லையா?”

“இல்லையாம்.”

“படமில்லாமக் கொட்டகை தொறந்தா டிக்கெட்டு காசைத் திருப்பிக் கேக்கலாம் அண்ணாச்சி,” என்றான் மூக்காண்டி.

பரமசிவன் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தான். “பாம்பு செய்த ஆசாரி கடை எங்கே இருக்கு?”

*

நாகலிங்க ஆசாரி பாம்பைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“நீங்களும் சிரிக்க வந்தீயளா? சிரிச்சிட்டுப் போயிருங்க. வேலை கெடக்கு.”

“சிரிக்க வரலை. வேலைப்பாடு பிரமாதம்னு சொல்ல வந்தேன்,” என்றான் பரமசிவன். அது பொய்யில்லை. வெள்ளியில் ஒவ்வொரு செதிலும் உயிரோடு இருந்தது. தலை முக்கோணம். கழுத்து ஒடுக்கம். கண்ணில் இரண்டு பச்சைக் கற்கள்.

பாராட்டு ஆசாரியின் வாயைத் திறந்துவிட்டது. “எனக்குப் படம் வைக்கத் தெரியாதாம்! தெருவுல போற பய எல்லாம் கேக்கான். அந்தாளு இந்தத் தரையில கரித்துண்டால வரைஞ்சு காட்டினாருய்யா. ‘படம் கெடையாது ஆசாரி, தலை இப்படித்தான் இருக்கணும்’னாரு. ‘நான் கண்டது எதுவோ அதையே சாத்தணும், மயிரிழை மாறப்படாது, மாறுனா திரும்ப வந்துரும்’னாரு. பச்சைப் பூச்சு பூச முடியுமான்னு கேட்டாரு. வெள்ளியில பச்சைக்கு நான் எங்கய்யா போக? கண்ணுல கல்லை வச்சேன்.”

“எப்போ சொன்னார் இதை?”

“பினாங்குப் பெட்டி லாரி ஏறுறதுக்கு முந்தின வாரம்.”

பரமசிவன் குனிந்தான். பாம்பின் வால் நுனி சுருண்டு ஒரு வளையமாக நின்றது. அதற்குள் இரண்டு விரல்களை விட்டான். தாராளமாகப் போயிற்று. உள்பக்கத்தில் அரம் போட்டு ராவிய தடம் தட்டுப்பட்டது.

“இந்த வால் எதைப் பிடிச்சிருக்கு ஆசாரி?”

ஆசாரி பஞ்சைக் கீழே வைத்தார்.

“காத்தைப் பிடிச்சிருக்கு போல,” என்றான் மூக்காண்டி.

அது ஆசாரிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. “காத்தைப் பிடிக்கிற மாதிரியால நான் செய்வேன்? கட்டைய சுத்தியிருந்துச்சுலே! வெட்டுப்பட்ட கட்டை, வரிவரியா பட்டையோட. அவரு சொன்னபடியே கட்டையும் பாம்புமாத்தான் வார்த்தேன். என் ஆயுசுக்கு அப்படி ஒரு வேலை அமைஞ்சதில்ல. மறுநாளே ஓடி வாராரு. ‘கட்டைய எடுத்துரும், பாம்பு மட்டும் போதும்’ங்காரு. அழுதுக்கிட்டே அறுத்தேன்.”

“ஏனாம்?”

“வெள்ளி மிச்சமாம்.”

“வெள்ளியை மிச்சம் பிடிக்கிறவன் மூணடிக்குப் பாம்பு செய்வானா?”

ஆசாரி சட்டென்று கடைக் கதவைப் பாதி சாத்தினார். “நான் ஒண்ணும் சொல்லல. நீங்க இங்கன வரவுமில்ல. அந்தாளு கோவில் வேலை பூராத்தையும் எனக்குத்தான் தாராரு. கெளம்புங்க.”

தெருவுக்கு வந்ததும் மூக்காண்டி தலையைச் சொறிந்தான். “அண்ணாச்சி, எனக்கு இன்னும் வெளங்கல.”

“நான் பிறந்தது ராயகிரி. மலையடிவாரம். மலையில் விறகு வெட்டப் போறவங்க ஒரு பாம்புக்குத்தான் ரொம்பப் பயப்படுவாங்க. பச்சை விரியன். முக்கோணத் தலை. படம் எடுக்காது. மரத்தில் வாலைச் சுத்திக்கிட்டு, இலையோட இலையா இருக்கும். அது மலையை விட்டு இறங்கி, இந்தக் கரிசக்காட்டு வெயில்ல இத்தனை மைல் நடந்து, லுங்கி எடுக்க சங்கரன்கோவிலுக்கு வருமா?”

“கடனுக்குக் கொடுத்தா வரும்.”

“மூக்காண்டி!”

“சரி, சரி. கட்டையோட வந்திருக்கு. மலையில வெட்டின சந்தனக்கட்டையைச் சுத்திக்கிட்டே லாரியில ஓசிச் சவாரி. கிட்டங்கியில கட்டைய எறக்கையில ஏந்தல் கண்ணுல பட்டிருக்கு.” மூக்காண்டி நின்றுவிட்டான். “அப்போ பெட்டி போறதுக்கு முன்னாலயே கட்டை இங்கனதான் இருந்துச்சு!”

“சர்க்காருக்குப் பொய் எழுதினவன் சாமிக்கு நிஜத்தை எழுதியிருக்கான். அதிலேயும் பாதியை ராவிட்டான்.”

“போலீசுக்குப் போவோமா?”

“போய்? வெள்ளிப் பாம்பைக் கூண்டில் ஏத்தச் சொல்றதா? ஆசாரி வாயைத் திறக்க மாட்டார். பெட்டி கட்டின பொம்பளைகளும் திறக்க மாட்டாங்க. நிஜம் தெரிஞ்சும் பயமில்லாத ஆள் இந்த ஊர்ல ஒருத்தன்தான் இருக்கான்.” பரமசிவன் விழாப் பந்தலைக் காட்டினான். “அவன் வாயாலேயே வரணும்.”

*

பந்தலில் நாயனம் ஓய்ந்து, புகழ்ச்சி ஆரம்பமாகியிருந்தது. மேடையில் நடுநாயகமாகத் திரவியம். உடம்பில் பொன்னாடைகள் அடுக்கடுக்காக ஏறியதில், அவரே பினாங்குக்குப் போகக் கட்டிவைத்த பெட்டி மாதிரி இருந்தார். பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர், சட்டைப் பையில் ஏந்தல் கொடுத்த எலுமிச்சம்பழத்தோடு. முன்னால் மேஜையில், பட்டுத் துணிமேல் பாம்பு. கம்பெனி வேலையாட்களுக்கு இன்று லீவு. அதாவது வந்து கைதட்ட வேண்டும். பெட்டி கட்டும் பெண்கள் முன்வரிசையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறுமுகத்தாய் வந்து அவர்களருகே உட்கார்ந்ததும், அத்தனை தலைகளும் வேறுபக்கம் திரும்பின.

மூக்காண்டி மேடைக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்தான். “மெட்ராஸ் துறைமுகத்துலேருந்து ஒருத்தர் ஏந்தலைப் புகழ வந்திருக்காருன்னேன். மாலையா பேச்சான்னு கேட்டாவ. மாலைக்கு நம்ம காசு. பேச்சுன்னுட்டேன்.”

“சென்னைத் துறைமுகமே திரண்டு வந்திருக்கிறது!” என்று அலறினார் மைக்கில் புகழ்ந்துகொண்டிருந்த புலவர். பரமசிவன் ஒற்றை ஆளாக மேடையேறினான்.

“பெரியோர்களே! துறைமுகத்தில் நான் எத்தனையோ டிக்ளரேஷன் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் ஒன்று இருக்கும், மேலே ஒன்று எழுதியிருக்கும். ஆனால் இந்த ஊர் ஆத்தாவிடம் அது நடக்காது. தேளைக் கண்டவன் தேளைச் சாத்த வேண்டும், பூரானைக் கண்டவன் பூரானைச் சாத்த வேண்டும். உண்டா இல்லையா?”

“உண்டு!” என்றது கூட்டம். திரவியம் பெருமையாகத் தலையாட்டினார்.

“ஏந்தல் கண்டது என்ன? தேரடித் தட்டியிலேயே இருக்கிறது. படமெடுத்து நின்ற நல்ல பாம்பு. இதோ அவர் சாத்தும் பாம்பு. இதில் படம் எங்கே?”

ஆங்காங்கே சிரிப்பு. திரவியத்தின் தலையாட்டல் நின்றது.

“சிரிக்காதீர்கள். இது விளையாட்டில்லை. கண்டது ஒன்று, கொடுப்பது இன்னொன்று என்றால் நேர்ச்சை செல்லாது. ஆத்தா ஏற்க மாட்டாள். அந்தப் பாம்பு என்ன செய்யும்? கணக்குத் தீரவில்லை என்று திரும்ப வரும். இன்றைக்கோ நாளைக்கோ, அதே கிட்டங்கிக்கு. இல்லை, வீட்டுக்கே…”

“நிறுத்தும்வே!” திரவியம் எழுந்து மைக்கைப் பிடுங்கினார். மேடைத் தமிழ் பொன்னாடைகளோடு நழுவிக் கீழே விழுந்தது. “யாருவே நீரு? நான் ஆத்தாட்டப் பொய் சொல்லுவனா? தட்டியில எழுதினது இந்தப் புலவன்! எங்கண்ணால கண்டது இதே பாம்புதான். படமே கெடையாது! பச்சைப் பசேல்னு, கட்டைய சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு! கைய வைக்கப் போனேன், சீறிட்டு வந்துச்சு! இதுல ஒரு மயிரும் மாறல!”

ஊரின் நாலு மூலையிலும் கட்டியிருந்த குழாய்கள் இதை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தன.

“ரொம்ப சந்தோஷம்,” என்றான் பரமசிவன். “எந்தக் கட்டையை?”

திரவியம் மைக்கைக் கை மாற்றிப் பிடித்தார். அப்புறம் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு. ஏற்றுமதிக்காரர் அல்லவா, மாற்றுச் சரக்கு எப்போதும் கைவசம் இருக்கும்.

“வெறகுய்யா. சாயம் காய்ச்சுறதுக்கு மலையிலேருந்து வெறகு எறக்கினேன். அதுல வந்திருக்கு. வெறகு எறக்குறது குத்தமா? என்ன சார்?”

சப்-இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். புலவர் கைதட்டினார். கைதட்டுவதற்கென்று லீவு கொடுக்கப்பட்டவர்களும் தட்டினார்கள். பரமசிவனின் காதுமடல் சிவந்தது. அவனிடம் வேறு எதுவும் இல்லை. பாம்போடு சரி. கீழே ஆறுமுகத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மெட்ராஸ்காரரை எறக்கிவிடுங்கப்பா,” என்றார் திரவியம். “அந்தத் திருட்டுக் குமாஸ்தாவுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்காரு. ஆத்தா பாத்துக்கிட்டு இருக்கா! அவளுக்கு முன்னால வச்சுச் சொல்லுதேன், நான் எறக்கினது வெறும் வெறகு!”

“மொதலாளி.”

ஜமக்காளத்திலிருந்து ஒரு குரல். தங்கத்தாய் எழுந்து நின்றிருந்தாள்.

“நாம எங்க மொதலாளி சாயம் காய்ச்சுதோம்? நூலு சாயம் போட்டுல்லா வருது. நம்மகிட்ட அடுப்பே கெடையாதே.”

“ஏட்டி, உக்காரு!” மைக் கையில் இருப்பது திரவியத்துக்கு மறந்துபோயிற்று. “வேலை வேணுமா வேண்டாமா ஒனக்கு?” என்று ஊர் முழுவதையும் பார்த்துக் கேட்டன குழாய்கள்.

“அந்தப் பாம்பு ஒங்க கையத் தீண்டாமத் தப்பி எம்மடியிலதான விழுந்துச்சு. நானுந்தான் நேந்தேன். நானுந்தான் ஒரு தகடு வாங்கிப் போட்டேன், நாயனம் இல்லாம. நீங்க வேற யார்ட்ட பொய் சொன்னாலும் நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன். அவ பாக்கான்னு சொல்லிக்கிட்டே அவகிட்டயே சொல்லுதீயளே. அடியில சந்தனக்கட்டை, மேல சாரம். நான்தான் அடுக்கினேன்.”

“சாரம்னா?” என்று முணுமுணுத்தார் வெளியூர்க்காரரான சப்-இன்ஸ்பெக்டர்.

“லுங்கி சார்,” என்றான் மூக்காண்டி. “இனிமே நீங்க வெளங்கலன்னு சொல்ல வழியில்ல.”

பின்னாலிருந்து இன்னொருத்தி எழுந்தாள். “நான் ஆணி அடிச்சேன்.” பெட்டி ஏற்றுகிற மூக்கையா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “கனம் கூடுதலா இருக்கேன்னு நான் கேட்டேன். பேசாம ஏத்துலேன்னாரு.” அதன் பிறகு யார் பேசுகிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கூட்டத்தைப் பார்த்தார், திரவியத்தைப் பார்த்தார், மறுபடி கூட்டத்தைப் பார்த்தார். எது பெரிது என்று எண்ணிப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து மேஜைமேல் திருப்பி வைத்தார்.

“திரவியம், கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வாருமய்யா.”

காலையில் ‘ஐயா’, இப்போது ‘திரவியம்’. பட்டங்கள் உதிர்வதற்கு இந்த ஊரில் அதிக நேரம் பிடிப்பதில்லை. கைத்தறிக் கர்ணன் கீழே விழுந்த பொன்னாடைகளைத் தானே பொறுக்கிக்கொண்டு இறங்கினார்.

தங்கத்தாய் அழுதுகொண்டே ஆறுமுகத்தாயின் கையைப் பிடித்தாள். “மன்னிச்சிரு தாயி. பயமா இருந்துச்சு.”

ஆறுமுகத்தாய் கையை உதறினாள். அவள் முகத்தில் நன்றி இல்லை.

“ஒன் வாசல்ல வந்து மண்ணுல உருண்டேனேட்டி. ஒன் காலத் தொட்டேன். அப்ப நான் ஒன் கண்ணுக்கு மனுசியாத் தெரியல. அந்தாளு சாமிட்டப் பொய் சொன்னது ஒனக்கு ஆகல. எம் புருசன் மேல சொன்னது மட்டும் ஆச்சாக்கும்?”

தங்கத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். பரமசிவன் குறுக்கே பேச வாயெடுத்தான். மூக்காண்டி அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

ஆறுமுகத்தாய் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு, உதறிய அதே கையை எட்டி, மணிக்கட்டோடு இறுகப் பிடித்தாள். ரயிலடிப் பக்கம் திரும்பினாள்.

“இங்கன அழாத. திங்கக்கெழமைக்கு முந்தி மெட்ராசுக்குப் போயி அந்தக் கஸ்டம்ஸ் ஆபீசர் முன்னால அழு. மெயிலு வந்துரும், நட.”